வித்தும் மண்ணும்

நம் தமிழில் இரண்டு பழமொழிகள் உண்டு. "நூலைப் போலச் சேலை, தாயைப் போலப் பிள்ளை" என்பது ஒன்று. "பூவோடு சேர்ந்த நாரும் மணக்கும்" என்பது மற்றொன்று. பிறப்பில் வந்ததே பெரிது என்கிறது முன்னது. சேர்ந்த இடமே பெரிது என்கிறது பின்னது. ஊரில் பிறந்து ஊரிலேயே வாழ்பவர்களுக்கு இவ்விரண்டில் எது மெய் என்று ஆராய வேண்டிய அவசியம் பெரும்பாலும் நேர்வதில்லை. பிறந்த மண்ணை விட்டு வந்து ஐதராபாத்திலும் செகந்தராபாத்திலும் குடித்தனம் நடத்தும் நம் போன்றோருக்கோ, இக்கேள்வி அடிக்கடி வீட்டுக் கூடத்திலேயே எழுந்துவிடுகிறது. நம் பிள்ளைகளின் பேச்சிலும் நடையிலும் எது நாம் கொடுத்தது, எது இந்த ஊர் கொடுத்தது என்று எண்ணிப் பாராத பெற்றோர் நம்மிடையே இருக்க முடியாது.

இதே கேள்வியை மலைமரங்களைப் பற்றி எழுப்பி, அதற்கு விடை காண நூறாண்டுகளுக்கும் மேலாக உழைத்தவர்கள் காடுவளர்ப்பு அறிஞர்கள். நாங்கள் தாவர நூல் பயின்றவர்கள் அல்லர். ஒரு யாத்திரையின் பயனாக அம்மரங்களின் கதை எங்களுக்குத் தெரியவந்தது. எங்கள் வீட்டில் நடந்துகொண்டிருந்த ஒரு வழக்குக்கும் அது துணையாயிற்று. நம் குடும்பங்கள் பலவற்றிலும் அத்தகைய வழக்கு நடந்துவருவதால், அறிந்ததை இங்கே பகிர்ந்துகொள்கிறோம்.

நாம் பேசப்போவது பைன் மரத்தைப் பற்றி. அது இமயத்து மரமாயிற்றே, நமக்கும் அதற்கும் என்ன உறவு என்று சிலர் வினவலாம். உறவு பூசையறை வரையில் வந்திருக்கிறது. இன்று கடைகளில் விற்கும் கற்பூரத்தில் பெரும்பகுதி, பைன் பிசினிலிருந்து வடித்தெடுத்த டர்ப்பென்டைன் எண்ணெயைக் கொண்டு ஆலைகளில் செய்யப்படுவதாகும். அந்தப் பிசினை வடித்தபின் எஞ்சும் கட்டியே ரோசின். வயலின் பயிலும் நம் குழந்தைகள் வில்லில் தேய்ப்பது அதைத்தான். நாட்டு மருந்துக் கடைகளில் தேவதாரு என்று கேட்டு வாங்குகிறோமே, அதுவும் பைனின் நெருங்கிய உறவான ஓர் இமயமலை மரத்தின் கட்டையே.

ஆனால் பைன் இனம் எதுவும் தென்னாட்டு மலைகளுக்கு இயற்கையாக உரியதன்று. கொடைக்கானலிலும் உதகையிலும் நாம் வியந்து பார்க்கும் பைன் தோப்புகள் வெளிநாட்டிலிருந்து விதை கொணர்ந்து மனிதர் நட்டவை; மெக்சிகோ நாட்டுப் பைனஸ் பாட்டுலா என்னும் இனம் அவற்றுள் முக்கியமானது. கூம்பேந்தி மரக் குலத்தில் மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரியதாகக் காணப்படுவது நாகெயா வாலிச்சியானா என்னும் ஒரே மரந்தான். அதற்கும் ஊசி இலை இல்லை. அகன்ற இலையே உண்டு. தேவதாருவின் கதை இன்னும் சுவையானது. மெய்யான தேவதாரு வளராத தமிழ்நாட்டில், வறண்ட குன்றுகளில் வளரும் செம்புளிச்சான் என்னும் சிறுமரத்துக்கு நம் முன்னோர் தேவதாரம் என்று பெயரிட்டு வழங்கினர். வங்காளத்தாரோ நம் நெட்டிலிங்க மரத்தையே தேவதாரு என்கின்றனர். மரம் வர இயலாத இடத்துக்கும் பெயர் வந்து குடியேறிவிட்டது! குடிபெயர்ந்தோர்க்கு இதில் வியப்பு இராது.

இனி எங்கள் வீட்டு வழக்குக்கு வருவோம். எங்கள் மூத்தவன் கும்பகோணத்தில் பிறந்து, ஆறு வயதில் எங்களோடு இங்கே வந்தவன். இளையவள் பிறந்ததே செகந்தராபாத்தில். மூத்தவனுடைய தமிழில் ஊர் மணம் இருக்கிறது. இளையவளோ தெலுங்குப் பிள்ளைகளோடு ஆடிப்பாடி வளர்ந்தவள். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் தமக்கையார் ஊரிலிருந்து வந்து இறங்கிய நாளில், அவள் செம்பு நிறையத் தண்ணீருடன் ஓடிவந்து, "அத்தை, தண்ணீர் காவாலா?" என்று அன்போடு கேட்டாள். தமக்கையாருக்குத் தண்ணீர் இறங்கவில்லை.

"தம்பி, பெண் தங்கமாக இருக்கிறாள். ஆனால் இந்த மண்ணில் வைத்திருந்தால் இவள் நம் பேச்சை அடியோடு மறந்துவிடுவாள். வருகிற ஜூன் மாதம் என்னோடு அனுப்பிவிடு. கும்பகோணத்தில் என் வீட்டிலிருந்து படிக்கட்டும்" என்றார் அவர்.

எங்களோடு வசிக்கும் சிற்றப்பா, ரயில்வேயில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். அவர் இதை ஒப்பவில்லை. "விதை நம்முடையது, அம்மா. விரை ஒன்று போடச் சுரை ஒன்று முளைக்குமா? எந்த மண்ணில் வளர்ந்தால் என்ன? தமிழ் அவள் இரத்தத்திலேயே இருக்கிறது. வயது வந்தால் தானே வெளிவரும்" என்றார். மண் கட்சிக்குத் தமக்கையார் தலைவர். வித்துக் கட்சிக்குச் சிற்றப்பா தலைவர். நடுவே ஒரு பெண் குழந்தையின் படிப்பும், தாய் தந்தையரோடு இருக்கும் வாழ்வும் தொங்கிக்கொண்டிருந்தன. ஆகவே இது வேடிக்கைப் பேச்சாக எங்களுக்குத் தோன்றவில்லை.

அந்தக் கோடையில்தான் தமக்கையாரின் நெடுநாள் வேண்டுதலின்படி நாங்கள் அனைவரும் பத்ரிநாத யாத்திரை சென்றோம். ரிஷிகேசத்திலிருந்து மலை ஏறும் வழி, மரங்களின் வரிசையைப் பாடம்போல் காட்டிக்கொண்டு சென்றது. அடிவாரத்தில் சால மரங்கள். அவற்றுக்கு மேலே சீர் பைன் காடுகள். அதன் ஊசி இலைகள் மும்மூன்றாய்ச் சேர்ந்து, ஒரு சாணுக்கும் மேல் நீண்டு தொங்குகின்றன. பட்டை தடித்துப் பிளந்து கிடக்கிறது. காட்டுத் தீயிலிருந்து மரத்தைக் காக்கும் கவசம் அதுவே. இன்னும் உயரே ஜோஷிமட்டத்தை நெருங்கும்போது தேவதாருவும், ஐந்தைந்து ஊசிகள் சேர்ந்த நீலப் பைனும் தலைகாட்டுகின்றன. 3,100 மீட்டருக்கு மேல் உள்ள பத்ரியில் மரமே அரிதாகி, மலை வெறுமையாய் நிற்கிறது.

இன்ன உயரத்தில் இன்ன மரம் என்பது கண்ணுக்கு எளிதில் புலப்படும் செய்தி. ஒரே சீர் பைனுக்குள்ளும் வேறுபாடு உண்டு என்பதைத் திரும்பும் வழியில்தான் கண்டோம். கருணபிரயாகையிலிருந்து இராணிக்கேத்து, அல்மோரா வழியாகக் காத்கோதாம் ரயிலடிக்கு இறங்கிவந்தோம். கர்வால் மலைச்சரிவுகளில் தூண்போல் நிமிர்ந்து நின்ற அதே மரம், அல்மோராவைச் சூழ்ந்த சில சரிவுகளில், ஈரத்துணியைப் பிழிந்து நிறுத்தினாற்போல முறுக்கிக்கொண்டு நின்றது. தேநீர்க் கடை ஒன்றின் அருகே அத்தகைய மரம் ஒன்று வெட்டுண்டு கிடந்தது. அதன் இழைகள் வேரிலிருந்து நுனி வரை திருகிச் சுற்றிக்கொண்டே சென்றிருந்தன.

"மாதாஜி, இதை எந்தத் தச்சனும் தொடமாட்டான். பலகை அறுத்தால் வெயிலில் வளைந்துபோகும். விறகுக்குத்தான் ஆகும்" என்றார் கடைக்காரர்.

"காற்றும் மண்ணும் முறுக்கிவிட்டன" என்று தமக்கையார் எங்களைப் பொருளோடு பார்த்தார். "பிறவிக் கோணலாக இருக்கும்" என்றார் சிற்றப்பா. ஐதராபாத்து வந்து சேரும்வரை ரயிலில் இந்த வாதம் ஓயவில்லை. ஊர் திரும்பியதும் நூலகத்தில் தேடத் தொடங்கினோம்.

அல்மோராவின் முறுக்கு மரம் காட்டிலாகாவினரை நெடுங்காலம் வாட்டிய புதிர் என்பது அப்போது தெரிந்தது. ரயில் பாதைக்குக் கட்டை அறுக்கவும் வீட்டுக்கு உத்தரம் எடுக்கவும் பயன்பட வேண்டிய காடு வீணாகிறதே என்பது அவர்கள் கவலை. காற்று காரணம் என்றனர் சிலர். வறண்ட மண் என்றனர் சிலர். தீயும், ஆடுமாடு மேய்வதும், மக்கள் கிளைகளை வெட்டுவதும் காரணம் என்றனர் வேறு சிலர். நின்ற இடத்தில் நிற்கும் மரத்தை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் இவ்வழக்குத் தீராது. ஏனெனில் அந்த மரத்துக்கு வித்தும் அந்த இடத்தது, மண்ணும் அந்த இடத்தது. இரண்டும் ஒன்றாகப் பிணைந்திருக்கும்போது எது எதைச் செய்தது என்று யாரால் கூற இயலும்?

டேராடூன் வன ஆராய்ச்சி நிலையம் 1906இல் தோன்றியது. அங்கே காடுவளர்ப்பு ஆய்வாளராக இருந்த ஹாரி ஜார்ஜ் சாம்பியன் என்பவர் 1920களில் இப்புதிரை ஆராய்ந்தார். நேரிய மரங்களின் விதையையும் முறுகிய மரங்களின் விதையையும் தனித்தனியே விதைத்து, நாற்றுகள் வளர்ந்துவரும் விதத்தை ஒப்பிட்டுப் பார்ப்பதே அவர் மேற்கொண்ட வழி. மண்ணும் மழையும் ஒன்றாக இருக்க, நாற்றுகளில் வேறுபாடு தோன்றினால் அது வித்தில் வந்ததாகவே இருக்க வேண்டும். முறுக்கு வித்தின் வழியே இறங்கி வருகிறது என்பதே அவர் கண்ட முடிபு. காட்டை வளர்ப்பவர்கள் விதை எங்கிருந்து வந்தது என்பதைக் கருத்தில் கொள்ளவேண்டும் என்று பின்னர் அவர் விரிவாக எழுதினார்.

அப்படியானால் அல்மோராவைச் சுற்றி மட்டும் அந்த வித்து ஏன் மிகுந்தது? இதற்கு அறிஞர் கூறிய காரணம் நம்மைச் சிந்திக்க வைப்பது. ஊரும் சந்தையும் நெடுங்காலமாக உள்ள இடம் அது. வீடு கட்டுவோர் காட்டுக்குள் சென்று நேரான மரத்தையே தேடி வெட்டினர், கோணலை விட்டுவைத்தனர். தலைமுறை தலைமுறையாக இவ்வாறு நடந்தால், விதை சிந்த எஞ்சி நிற்பவை கோணல் மரங்களே. அடுத்த காடு அவற்றின் பிள்ளைகளால் ஆன காடாகிவிடுகிறது. மனிதன் தான் விரும்பியதை எடுத்துக்கொண்டு, விரும்பாததை விதைக்கு விட்டதன் விளைவு அது. உழவன் இதற்கு நேர்மாறாகச் செய்பவன். நல்ல கதிரை விதைக்கு வைத்து எஞ்சியதைத்தான் உண்பான்.

இந்தச் சோதனை முறை நம் நாட்டில் மட்டும் நிகழ்ந்ததன்று. பிரான்சு நாட்டில் வில்மோரென் என்பவர் 1820களிலேயே ஐரோப்பாவின் பல பகுதிகளிலிருந்து ஸ்காட்டுப் பைன் விதைகளை வரவழைத்து, லே பார் என்னும் தம் பண்ணையில் அடுத்தடுத்து நட்டார். கப்பலுக்குப் பாய்மரம் தந்து புகழ்பெற்ற ரீகா நகரத்துப் பைன்கள் பிரான்சு மண்ணிலும் நேராகவே வளர்ந்தன. 1907 முதல் பல நாட்டு வன ஆராய்ச்சியாளரும் ஒன்றுகூடி இத்தகைய தோப்புகளை நாடுதோறும் அமைக்கலாயினர்.

அத்தோப்புகள் கற்பித்த பாடங்களுள் ஒன்றைக் கூறுவோம். வடகோடி ஊர்களின் மரம் பகற்பொழுதின் நீளத்தைக் கொண்டே காலத்தை அறிகிறது. கோடையின் நெடும்பகல் குறையத் தொடங்கியதும், குளிர் வருகிறதென்று வளர்ச்சியை நிறுத்தி மொட்டை மூடிக்கொள்கிறது. அதன் விதையைத் தெற்கே கொண்டுவந்து நட்டால், அங்கே குளிருக்கு இன்னும் பல நாள் இருக்கும்போதே அது கடையை அடைத்துவிடுகிறது. ஆகவே குட்டையாக நிற்கிறது. தெற்கத்தி விதையை வடக்கே நட்டாலோ, பனி வரும்வரை வளர்ந்துகொண்டே இருந்து, இளந்தளிர் கருகிப்போகிறது. இரண்டும் நல்ல விதைகளே. தாம் பிறந்த ஊரின் நாட்காட்டியை அவை கையோடு கொண்டுவந்துவிட்டன, அவ்வளவே.

கலிபோர்னியாவில் 1938இல் தொடங்கிய சோதனை பொறுமையைக் கற்பிப்பது. பாண்டரோசா பைனின் விதைகளை மலையின் தாழ்வு, நடு, உயர்வு என்று பல மட்டங்களிலும் திரட்டி, பல உயரங்களில் தோப்பிட்டனர். உயரத்தில் இட்ட தோப்பில் முதல் ஆண்டுகளில் முந்தியவை கீழிடங்களிலிருந்து வந்த மரங்கள். அன்றே தீர்ப்பு எழுதியிருந்தால் அவையே சிறந்தவை என்று முடிந்திருக்கும். ஆனால் 29 ஆண்டுகள் அளந்து பார்த்தபோது, மலையுச்சி விதைகளின் பின்னடைவு படிப்படியாகக் குறைந்துவந்தது தெரிந்தது. மரத்தின் இயல்பு ஒரு பருவத்தில் முழுதும் வெளிப்படுவதில்லை.

இனி, ஒரே இனத்து மரம் இடத்துக்கு இடம் எவ்வாறு வேறுபடலாயிற்று? பைன் மரத்தின் மகரந்தத் தூள் ஒவ்வொன்றுக்கும் இரண்டு காற்றுப் பைகள் உண்டு. வசந்தத்தில் மஞ்சள் புகைபோல் எழுந்து, மலைதாண்டியும் செல்லும். ஆகையால் ஒரு சரிவின் மரம் மறுசரிவின் மரத்தோடு கலந்துகொண்டே இருக்கிறது. காற்று கலக்கிறது, குளிரும் வறட்சியும் சலிக்கின்றன. உச்சியில் விழும் ஆயிரம் விதைகளில் பனி தாங்காத நாற்றுகள் மடிகின்றன. அடிவாரத்தில் வெயில் தாங்காதவை மடிகின்றன. ஆண்டுதோறும் நடக்கும் இச்சலிப்பினால், கலப்பு ஓயாமல் இருந்தும், ஒவ்வோர் இடத்துக்கும் ஏற்ற குணங்கள் அங்கங்கே நிலைபெறுகின்றன.

மரபணுக்களை நேரே ஒப்பிடும் முறைகள் 1970களுக்குப் பின் பரவியபோது, மற்றோர் உண்மை வெளிப்பட்டது. பல பைன் இனங்களில், மரபணு வேறுபாட்டில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் ஒரே காட்டின் மரங்களுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. காட்டுக்கும் காட்டுக்கும் உள்ள வேறுபாடு எஞ்சிய சிறு பங்குதான். மனிதரைப் பற்றியும் ரிச்சர்டு லெவான்டின் என்னும் அறிஞர் 1972இல் இதைப் போன்றே கூறினார்: வேறுபாட்டில் நூற்றுக்கு 85 பங்கு ஒரே மக்கட்குழுவுக்குள் இருக்கிறது. நம் தார்னாக்காவுக்கு அருகில், உப்பல் சாலையில் உள்ள உயிரணு, மூலக்கூறு உயிரியல் மையத்தைச் சேர்ந்த லால்ஜி சிங், தங்கராஜ் முதலியோர் அமெரிக்க அறிஞர்களோடு சேர்ந்து 2009இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். இந்தியக் குழுக்களில் மிகப் பெரும்பாலானவை, இரண்டு தொன்மைக் குடிவழிகள் வெவ்வேறு அளவில் கலந்தவை என்பது அதன் சாரம். "தெலுங்கர் இப்படித்தான், தமிழர் இப்படித்தான்" என்று பிறப்பைக் காட்டி எளிதாகப் பேசும் வழக்கத்துக்கு இச்செய்திகள் இடங்கொடுப்பதில்லை.

சிற்றப்பா இதுவரை வெற்றி தமக்கே என்று மகிழ்ந்திருந்தார். மண் கட்சிக்கும் ஆதரவு இல்லாமற் போகவில்லை. நம் நகரத்து நாற்றுப் பண்ணைகளில் கிறிஸ்துமஸ் மரம் என்று விற்கிறார்களே, அந்த அரௌகேரியாவின் இனங்களுள் ஒன்று குக் பைன். பைன் என்ற பெயர் இருந்தாலும் அது வேறு குடும்பம். பசிபிக் கடலின் நியூ கலிடோனியாத் தீவிலிருந்து உலகெங்கும் பரவியது. ஐந்து கண்டங்களில் 256 மரங்களை அளந்து 2017இல் வெளியிட்ட ஆய்வு, அம்மரம் பூமத்தியரேகையை நோக்கிச் சாய்ந்து வளர்கிறது என்று காட்டியது. நடுவரைக்கு வடக்கே நட்டால் தெற்கு நோக்கிச் சாய்கிறது. தெற்கே நட்டால் வடக்கு நோக்கிச் சாய்கிறது. சாயும் இயல்பு வித்தில் இருக்கலாம். எப்பக்கம் சாய்வது என்பதை நின்ற இடமே தீர்மானிக்கிறது.

உள்ளூர் விதையே எப்போதும் சிறந்தது என்ற பழைய விதியும் இன்று அசைந்துவிட்டது. உலகம் வெப்பமடைந்து வருவதால், ஒரு மரம் பிறந்த இடத்தின் தட்பவெப்பமே அதன் காலடியிலிருந்து நகர்ந்து செல்கிறது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலத்தில் 2009 முதல், தெற்கிலிருந்தும் தாழ்விடங்களிலிருந்தும் விதை கொணர்ந்து புதிய இடங்களில் நட்டு, எவை தழைக்கின்றன என்று சோதித்துவருகின்றனர். ஓரிடத்து வித்தை வேறிடத்தில் வைத்துப் பார்க்கும் இதே கலை நம் ஐதராபாத்துக்கும் புதிதன்று. பட்டான்செருவில் 1972இல் தோன்றிய இக்ரிசாட் நிலையம், சோளம், கம்பு, துவரை, கடலை முதலியவற்றில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட விதை வகைகளைப் பல நாடுகளிலிருந்தும் சேர்த்துக் காத்துவருகிறது. அங்கேயும் பல நாட்டு வித்துகள் ஒரே வயலில் அடுத்தடுத்து நின்று தத்தம் இயல்பைக் காட்டுகின்றன.

இவற்றையெல்லாம் படித்துச் சொன்னபோது, எங்கள் கூடத்தில் மீண்டும் நீதிமன்றம் கூடியது. சிற்றப்பா, "முறுக்கு வித்தில்தான் இருந்தது என்று துரையே சொல்லிவிட்டாரே!" என்றார். தமக்கையார் சிறிது நேரம் பேசாமலிருந்தார். பிறகு, "அது சரி, சித்தப்பா. மரத்துக்கு உயரம் உண்டு, பட்டை உண்டு, முறுக்கு உண்டு. மரம் பேசாதே! பேச்சை விதையிலா வைத்திருக்கிறான் இறைவன்?" என்று கேட்டார்.

வழக்கின் உயிர்நிலை அக்கேள்வியில் இருந்தது. மரம் தன் பிள்ளைக்குக் கொடுப்பதையெல்லாம் வித்தில் பொதிந்தே கொடுத்தாக வேண்டும். காற்றிலே சிந்திவிட்டபின் அதற்கு வேறு வழி இல்லை. மனிதனுக்கோ இரண்டாவது கொடை ஒன்று உண்டு. நிறமும் உயரமும் கண்ணின் அமைப்பும் நாம் முயலாமலே பிள்ளைக்குச் சேர்ந்துவிடுகின்றன. பேசும் ஆற்றலும் அவ்வாறே சேர்கிறது. ஆனால் எந்த மொழி என்பது சேர்வதில்லை. குழந்தை எவர் மடியில் இருந்து கேட்கிறதோ அவர் மொழியைப் பேசும். தமிழ் இரத்தத்தில் இருக்கிறது, தானே வெளிவரும் என்று காத்திருப்பது வீண். அதுபோலவே, தமிழ் ஒரு மண்ணின் விளைபொருள், அங்கே கொண்டுபோய் நட்டால்தான் வரும் என்பதும் பொருந்தாது. அது வித்திலும் இல்லை, மண்ணிலும் இல்லை. வாயிலிருந்து செவிக்கும், கையிலிருந்து கைக்கும் மாறுவது. கொடுப்பவர் இருக்குமிடமே அதன் நிலம்.

தமக்கையார் அதோடு விடவில்லை. "அப்படியானால் இந்த வீட்டில் கொடுப்பவர் யார்? நீங்கள் இருவரும் எட்டு மணிக்குப் புறப்பட்டு ஏழு மணிக்குத் திரும்புகிறீர்கள். உங்களுக்குப் பேசவே நேரம் இல்லை" என்றார். இதுதான் கடினமான கேள்வி. பைன் மரம் இதற்கு விடை சொல்லாது. வீட்டார்தாம் சொல்ல வேண்டும். முடிவில் அன்றே ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். இளையவள் எங்களோடேயே இருப்பது. மாலையில் பள்ளிவிட்டு வந்ததும் ஒரு மணி நேரம் சிற்றப்பா அவளுக்குத் தமிழ் படிக்கச் சொல்லித்தருவது. வாரம் ஒரு கடிதம் அவள் தன் கையால் அத்தைக்குத் தமிழில் எழுதுவது. அத்தை பிழைகளைத் திருத்தி, ஊர்ச் செய்திகளோடு பதில் எழுதுவது. கோடை விடுமுறை முழுதும் கும்பகோணத்தில் கழிப்பது. வித்துக் கட்சித் தலைவரே வாத்தியாராக அமர்ந்தார். தானே வெளிவரும் என்று முன்பு சொன்னவர், இப்போது ஒருநாளும் வகுப்பைத் தவறவிடுவதில்லை.

இதன் பயனை மிகைப்படுத்திக் கூற விரும்பவில்லை. பெண் இன்று செய்தித்தாளைத் தடையின்றிப் படிக்கிறாள். அத்தைக்கு எழுதும் கடிதங்களில் ளகர லகரம் இன்னும் இடம் மாறுகின்றன. "காவாலா" போகவில்லை, போகவேண்டும் என்று நாங்கள் வற்புறுத்துவதும் இல்லை. தெலுங்கு அவளுக்கு அண்டை வீடும் பள்ளியும் கொடுத்த செல்வம். அதைக் களையென்று எண்ணிப் பிடுங்கினால் அவள் வேரும் அசையும். ஒரு மொழியைக் கொடுப்பதற்கு மற்றொன்றைப் பறிக்க வேண்டும் என்ற கட்டாயம் மனிதரிடத்தில் இல்லை.

ஒவ்வோர் ஆண்டும் பள்ளி திறக்கும் காலம் நெருங்கும்போது, பிள்ளையை ஊருக்கு அனுப்புவதா, இங்கேயே வைத்துக்கொள்வதா என்ற கேள்வி நம்மவர் வீடுகளில் எழுகிறது. ஒவ்வொரு குடும்பத்தின் நிலைமையும் வேறு. எங்கள் முடிபே எல்லோர்க்கும் ஏற்றதென்று நாங்கள் கூறவில்லை. ஊரில் அன்போடு சொல்லித்தரும் பாட்டியும், இங்கே எவருமே இல்லாத வீடுமாக இருந்தால், அனுப்புவதும் நன்றே. ஆனால் முடிவு செய்யுமுன் அன்பர்கள் இவ்வொன்றை மட்டும் கேட்டுக்கொள்ளலாம்: எந்த ஊர் என்பதைவிட, அங்கே தினமும் ஒரு நாழிகை அக்குழந்தையோடு தமிழில் பேச யார் இருக்கிறார் என்று. அப்படி ஒருவர் நம் வீட்டிலேயே இருந்தால், இன்று மாலையே அவர் தொடங்கட்டும். பைன் விதை முளைக்க நல்ல மழையை எதிர்பார்த்திருக்க வேண்டும். இதற்கு அந்தக் காத்திருப்பும் வேண்டியதில்லை.